ரஜ்ஜு பார்த்து போன் வாங்குங்கள்!

காரைக்குடிப் பக்கம் ஒரு கல்யாணம் பேசி முடிப்பதென்றால் லேசுப்பட்ட காரியமில்லை. எந்தக் கோயில் என்று கேட்பார்கள். பங்காளி முறை வருகிறதா என்று பார்ப்பார்கள். ஜாதகத்தைத் தேவகோட்டையில் ஒரு ஜோசியரிடம் காட்டுவார்கள். அவரை நம்பாமல் திருப்பத்தூரில் இன்னொருவரிடம் காட்டுவார்கள். எல்லாம் கூடி வருகிற நேரத்தில் பெண்ணின் அத்தை ஒருத்தி, 'பையன் சிரிச்ச முகமாவே இல்லையே' என்று ஒரு வார்த்தை சொல்வாள். போச்சு!

நம் இளைஞர்கள் ஒரு செல்போன் வாங்குவதற்கு முன் நடத்துகிற விசாரணையோடு ஒப்பிட்டால் இதெல்லாம் ஜுஜுபி.

எங்கள் ஆபீஸில் ஒரு தம்பி இருக்கிறான். இருபத்தைந்து வயது. பிடித்தம் போகக் கையில் வாங்குவது முப்பதாயிரத்துக்குக் கொஞ்சம் கீழே. போன வாரம் நாலு பக்கத்துக்கு ஒரு பட்டியலைக் கொண்டுவந்து என் மேஜையில் வைத்தான். ஆபீஸ் பேப்பர், ஆபீஸ் பிரிண்டர், அதிலும் கலர்!

"அண்ணே, நாலும் ஃப்ளாக்ஷிப். நாலுல ஒண்ணு சொல்லுங்க. இந்த மாசம் முடிச்சிடணும்."

"எதைப்பா முடிக்கணும்? சம்பளத்தையா?"

ஃப்ளாக்ஷிப் என்றால் கப்பற்படையில் தளபதியின் கொடி பறக்கிற தலைமைக் கப்பல். ஒரு கம்பெனி தன் வித்தையை எல்லாம் இறக்கிச் செய்கிற போனுக்கும் அந்தப் பெயரையே வைத்துவிட்டார்கள். தம்பியின் பட்டியலில் இருந்தவை எல்லாம் 2025-ல் வந்த கப்பல்கள். ஐபோன் 17 ப்ரோ, விலை ரூ. 1,34,900. சாம்ஸங் கேலக்ஸி எஸ் 25 அல்ட்ரா, ரூ. 1,29,999. கூகுள் பிக்ஸல் 10 ப்ரோ, ரூ. 1,09,999. ஒன்ப்ளஸ் 15, ரூ. 72,999. எல்லாம் வெளிவந்த அன்றைக்கு அறிவித்த ஆரம்ப விலை. நீங்கள் இதைப் படிக்கிற சமயம் இவற்றின் வாரிசுகள் கடைக்கு வந்திருக்கலாம். கவலை வேண்டாம், நான் சொல்லப்போவது வாரிசுகளுக்கும் பொருந்தும்.

பட்டியலில் கேமரா, சிப், திரை, உடம்பு, தண்ணீர் தாங்குவது, சார்ஜ் ஏறுகிற வேகம் என்று வரிசையாகப் பத்துப் பொருத்தம். ஜாதகத்திலும் பத்துதான். ஆனால் ஜோசியர் ஒரு விஷயத்தில் மட்டும் கண்டிப்பாக இருப்பார். மற்ற ஒன்பதும் அமோகமாக இருந்தாலும் ரஜ்ஜு தட்டினால் ஜாதகத்தை மடித்துக் கொடுத்துவிடுவார். காரணம், ரஜ்ஜு என்பது ஆயுள் பொருத்தம். தம்பியின் நாலு பக்கத்தில் அந்த ஒன்றைத்தான் காணோம்.

சரி, முதலில் இருக்கிறதைப் பார்ப்போம்.

* * *

சிப். பட்டியலில் இதற்கு மட்டும் அரைப் பக்கம். ஐபோனுக்கு ஏ 19 ப்ரோ, சாம்ஸங்குக்கு ஸ்நாப்டிராகன் 8 எலீட், ஒன்ப்ளஸுக்கு அதற்கு அடுத்த தலைமுறை, பிக்ஸலுக்கு டென்ஸர் ஜி 5. தம்பி எதிரெதிரே நிறுத்திச் சண்டை போட வைத்திருந்தான்.

ஒரு ரகசியம் சொல்கிறேன். நாலையும் செய்வது ஒரே பட்டறை. தைவானில் இருக்கிற டி.எஸ்.எம்.ஸி. என்ற கம்பெனி. நாலுமே '3 நானோமீட்டர்' வகை. நாலு மாப்பிள்ளை ஜாதகத்தையும் ஒரே ஜோசியர் கணித்திருக்கிறார் என்று வையுங்கள். அதோடு, அந்த '3 நானோமீட்டர்' என்பது டேப் வைத்து அளந்த அளவு இல்லை. அது ஒரு தலைமுறைக்கு வைத்த பெயர். உள்ளே இருக்கிற டிரான்ஸிஸ்டர்களுக்கு இடையில் உள்ள தூரம் 40 நானோமீட்டருக்கும் மேல். 'ஆயிரம் ஜன்னல் வீடு' என்று இந்த ஊரில் ஒரு பிரபலமான வீடு இருக்கிறதே, அதன் ஜன்னல்களை எண்ணியா பெயர் வைத்தார்கள்? அப்படித்தான்.

நாலு சிப்புக்கும் வித்தியாசமே இல்லையா என்றால், இருக்கிறது. மணிக்கணக்கில் கனமான கேம்ஸ் ஆடுகிறவர்கள், வீடியோ வெட்டி ஒட்டுகிறவர்கள் உணர்வார்கள். வாட்ஸ்அப்பில் 'காலை வணக்கம்' அனுப்புகிறவருக்கு 3 நானோமீட்டர் சிப் என்பது, கொய்யாப் பழம் வாங்க அம்பாஸடர் காரில் போகிற மாதிரி.

கேமரா. சாம்ஸங்கில் 200 மெகாபிக்ஸல். ஐபோன் ப்ரோவில் 48. தம்பி நாலு மடங்கு என்று சிவப்பு மையில் அடிக்கோடு போட்டிருந்தான்.

200 மெகாபிக்ஸல் கேமரா சாதாரணமாகப் படம் எடுக்கும்போது என்ன செய்கிறது? பக்கத்துப் பக்கத்தில் இருக்கிற 16 புள்ளிகளைக் கூட்டி ஒரு புள்ளியாக்குகிறது. 200-ஐ 16-ஆல் வகுத்தால் பன்னிரண்டரை. ஆக, கையில் வருவது ஏறக்குறைய 12 மெகாபிக்ஸல் படம். இது மோசடியில்லை, நல்ல யோசனைதான். ஒவ்வொரு புள்ளியும் 0.6 மைக்ரோமீட்டர்தான். அத்தனை சின்ன வாசலில் வெளிச்சம் போதுமான அளவு நுழையாது. பதினாறு வாசலைச் சேர்த்தால் இருட்டிலும் படம் விழும். பட்டப்பகலில் வேண்டுமானால் 200-ஐயும் தனித்தனியாகப் பிரித்துக்கொள்ளலாம்.

ஆனால் உங்களுக்கு எத்தனை வேண்டும்? ஏ 4 காகிதம் முழுக்கத் தரமாக அச்சடிக்க ஒன்பது மெகாபிக்ஸல் போதும். '4 கே' டி.வி. திரை மொத்தமுமே 83 லட்சம் புள்ளிதான், அதாவது 8.3 மெகாபிக்ஸல். போனின் திரை அதைவிடக் குறைவு. எண்ணைவிட முக்கியம் லென்ஸுக்குப் பின்னால் இருக்கிற சென்ஸாரின் அளவும், தூரத்துப் பொருளைப் பிடிக்கிற டெலிபோட்டோவும். குன்றக்குடி அடிவாரத்தில் நின்றுகொண்டு மலை மேல் கோபுரத்தை எடுத்துப் பார்த்தால் தெரியும். அஞ்சு மடங்கு வரை லென்ஸ் வேலை செய்யும். நூறு மடங்கு என்று விளம்பரத்தில் வருவது பெரும்பாலும் கம்ப்யூட்டரின் கற்பனை!

உடம்பு. இது ஒரு தமாஷ். 2023-ல் ஐபோன் 15 ப்ரோ வந்தபோது 'டைட்டானியம்! டைட்டானியம்!' என்று ஒரே மேளதாளம். ராக்கெட் செய்கிற உலோகமாம். வாங்கிய பிறகு தோசைக்கல் மாதிரி சுடுகிறது என்று உலகம் பூராவும் புகார். 2025-ல் 17 ப்ரோவுக்கு வந்ததும் டைட்டானியத்தைக் கழற்றி வைத்துவிட்டு அலுமினியத்துக்குத் திரும்பிவிட்டார்கள். காரணம், டைட்டானியம் உறுதியானது, அழகானது, ஆனால் சூட்டைக் கடத்துவதில் எவர்சில்வரை விட மட்டம். அலுமினியமோ அதைப்போலப் பல மடங்கு கடத்தும். எந்த உலோகத்தில் வைத்தால் எது சீக்கிரம் சுடும் என்பது பாத்திரக் கடை வைத்திருக்கிற யாருக்கும் தெரிந்த விஷயம்.

கூடவே 'வேப்பர் சேம்பர்' என்று ஒரு சமாச்சாரம். தட்டையான மூடிய உலோகப் பெட்டி, உள்ளே துளி தண்ணீர். சிப் சூடாகிற இடத்தில் தண்ணீர் ஆவியாகும், ஆவி மறுமுனைக்குப் போய்க் குளிர்ந்து திரும்ப நீராகும், நீர் பழைய இடத்துக்கே வரும். சூடு ஒரே இடத்தில் குந்தியிருக்காமல் பரவிவிடும். நம் பக்கத்துப் பழைய வீடுகளில் வளவு வழியாகச் சூட்டை மேலே அனுப்பினார்கள். சுவரும் கனமாகக் கட்டினார்கள். போனில் கனமாகக் கட்ட இடமில்லை, துளி தண்ணீரை ஓடவிட்டிருக்கிறார்கள்.

தண்ணீர். ஐ.பி. 68 என்று போட்டிருந்தால் ஒன்றரை மீட்டரில் அரை மணி நேரம், சிலது அதற்கும் மேலே, தாங்கும். எந்தத் தண்ணீர்? லேபரட்டரியில் அசையாமல் நிற்கிற நல்ல தண்ணீர். ஊருணியில் விழுந்தால்? வாரண்டி காகிதத்தின் பொடி எழுத்தைப் படியுங்கள். தண்ணீர் புகுந்த சேதத்துக்கு வாரண்டி பொருந்தாது என்று இருக்கும். நீச்சல் தெரிந்த மாப்பிள்ளை, ஆனால் முங்கினால் நாங்கள் பொறுப்பில்லை!

* * *

இதெல்லாம் எதற்குச் சொன்னேன் என்றால், இந்தப் பொருத்தங்களில் நாலு போனுமே பாஸ். அறுபதுக்கும் எழுபதுக்கும் உள்ள வித்தியாசம் இல்லை, தொண்ணூற்றாறுக்கும் தொண்ணூற்றெட்டுக்கும் உள்ள வித்தியாசம். ஆளுக்கு ஒரு ஆசை இருந்தால் அதன்படி வாங்கலாம். இனி ரஜ்ஜுவுக்கு வருவோம்.

காரைக்குடிக்காரர்களுக்கு இந்த விஷயத்தில் ஒரு உரிமை உண்டு. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து, 1948 ஜூலை 25-ல் ஜவாஹர்லால் நேரு அடிக்கல் நாட்டி, 1953 ஜனவரி 14, பொங்கலன்று டாக்டர் ராதாகிருஷ்ணன் திறந்து வைத்த மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் இங்கேதான் இருக்கிறது. நமக்கு அது 'சிக்ரி'. அந்தக் கேட்டைத் தாண்டி தினம் ஆயிரம் பேர் பைக்கில் போகிறோம். உள்ளே நடக்கிற முக்கியமான வேலைகளில் ஒன்று பேட்டரி ஆராய்ச்சி. 2018 ஜூனில் சிக்ரி தன்னுடைய லித்தியம் அயான் பேட்டரி தயாரிப்பு முறையை ஒரு தனியார் கம்பெனிக்குக் கொடுக்க ஒப்பந்தம் போட்டது. எல்லா விஞ்ஞானமும் ஜப்பான்காரன் வேலை என்று நினைக்கிறவர்கள் கவனிக்க.

லித்தியம் அயான் பேட்டரியைக் கடைக்குக் கொண்டுவந்தது என்னவோ ஜப்பானின் சோனிதான், 1991-ல். அதைச் சாத்தியமாக்கிய மூன்று பேருக்கு 2019-ல் நோபல் பரிசு. அதில் ஒருவரான குட்இனஃபுக்கு அப்போது 97 வயது. பேட்டரி விஞ்ஞானி நிறைய நாள் வந்தார். பேட்டரி?

பேட்டரிக்குள் நடப்பது இதுதான். இரண்டு கரை. ஒரு கரையில் கிராஃபைட், அதாவது பென்சில் கரி. சார்ஜ் போடும்போது லித்தியம் அயான்கள் நீந்திப் போய்க் கிராஃபைட்டில் ஒண்டிக்கொள்ளும். ஆறு கார்பனுக்கு ஒரு லித்தியம் என்பது கணக்கு. போனை உபயோகிக்கும்போது திரும்பி வரும். போய் வருகிற ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் லித்தியம் வழியில் சிக்கிக்கொண்டு திரும்பாது. சூடு ஏற ஏற, சிக்குவது அதிகம். இதுதான் பேட்டரிக்கு மூப்பு.

கிராஃபைட்டுக்குப் பதில் சிலிக்கான் போட்டால் ஒரு சிலிக்கான் கிட்டத்தட்ட நாலு லித்தியத்தைப் பிடித்து வைக்கும். எடைக்கு எடை பார்த்தால் கிராஃபைட்டைப் போல ஒன்பது பத்து மடங்கு. பிறகென்ன? ஒரு சிக்கல். லித்தியம் உள்ளே போனதும் சிலிக்கான், செட்டிநாட்டு விருந்து சாப்பிட்ட புது மாப்பிள்ளை மாதிரி மூன்று மடங்கு ஊதிவிடும். திரும்ப இளைக்கும். ஊதி இளைத்து ஊதி இளைத்து நொறுங்கிப்போகும். அதனால் கார்பனோடு கொஞ்சமாகச் சிலிக்கானைக் கலந்து பக்குவம் பண்ணுகிறார்கள். இந்த 'சிலிக்கான்-கார்பன்' பேட்டரியால்தான் ஒன்ப்ளஸ் 15-ல் 7,300 மில்லி ஆம்பியர் மணி அடைக்க முடிந்தது. சாம்ஸங் அல்ட்ராவோ 2020-ல் எஸ் 20-லும் 5,000, 2025-ல் எஸ் 25-லும் அதே 5,000. அஞ்சு வருஷத்தில் கேமரா 108-லிருந்து 200 ஆனது, பேட்டரி மட்டும் ஃபெயிலாகி அதே க்ளாஸில் உட்கார்ந்திருந்தது!

"அப்போ ஒன்ப்ளஸ்தானேண்ணே ஜெயிச்சுது?" என்றான் தம்பி.

ஒரு நாள் ஓட்டத்தில் ஜெயித்தது. ரஜ்ஜு என்பது ஒரு நாள் கணக்கு இல்லை.

சாம்ஸங், கூகுள் இரண்டும் ஏழு வருஷம் ஸாஃப்ட்வேர் கொடுப்பதாக வாக்குக் கொடுக்கின்றன. ஒன்ப்ளஸ் 15-க்கு நாலு வருஷம் புது வெர்ஷன், ஆறு வருஷம் பாதுகாப்பு அப்டேட். ஆப்பிள் பெரிதாக மேடை போட்டுச் சொல்லாது, ஆனால் 2019-ல் வந்த ஐபோன் 11-க்கு 2025-லும் புது வெர்ஷன் வந்தது. பேஷ்! இப்போது பேட்டரி பக்கம் திரும்புங்கள். ஐபோன் 15-லிருந்து ஆப்பிள் சொல்கிற கணக்கு, 1,000 சுற்று சார்ஜுக்குப் பிறகு 80 சதவீதம் தாங்கும் என்பது. அதற்கு முந்தைய மாடல்களுக்கு 500 சுற்றுதான். பிக்ஸலுக்கும் கூகுள் சொல்வது 1,000. ஒரு சுற்று என்றால் மொத்தமாக நூறு சதவீதம் செலவழித்து ஏற்றுவது.

ஒரு நாளைக்கு ஒரு சுற்று போட்டால், ஆயிரம் சுற்று இரண்டே முக்கால் வருஷத்தில் தீர்ந்துவிடும். மத்தியானம் ஆபீஸில் ஒரு தடவை, ராத்திரி ஒரு தடவை என்று இரண்டு தடவை காலி பண்ணுகிற ஆசாமியா? ஒன்றரை வருஷம் கூட இல்லை.

ஏழு வருஷத்துக்கு ஸாஃப்ட்வேர், இரண்டே முக்கால் வருஷத்துக்கு பேட்டரி! இதுதான் ரஜ்ஜு தட்டுகிற இடம். லட்ச ரூபாய் போனை ஏழு வருஷம் வைத்துக்கொள்ள நினைத்தால் நடுவில் இரண்டு தடவை பேட்டரி மாற்ற வேண்டும். அதற்கு என்ன செலவு, யார் மாற்றுவார்கள் என்பது எந்த விளம்பரத்திலும் வராது. 2003-ல் வந்த நோக்கியா 1100-ஐ நினைத்துப் பாருங்கள். முதுகை நகத்தால் திறந்து, பெட்டிக்கடையில் வாங்கிய பேட்டரியை நீங்களே போட்டீர்கள். இப்போது பசை வைத்து ஒட்டியிருக்கிறார்கள், கொல்லத்துக்காரர் கட்டின சுவர் மாதிரி.

போதாததற்கு நம்ம ஊர் வெயில். ஐபோனை 0-விலிருந்து 35 டிகிரி வரை உபயோகிக்கலாம், 16-லிருந்து 22 வரை உத்தமம் என்கிறது ஆப்பிள். காரைக்குடியில் 22 டிகிரிக்கு மார்கழி விடியற்காலையில் கோலம் போடும்போதுதான் எழுந்து வரவேண்டும். சித்திரை, வைகாசியில் 38-ஐத் தொடுவது சாதாரணம். அந்த வெயிலில் பைக் ஹேண்டில்பாரில் போனை மாட்டி, மேப்பைப் போட்டு, சார்ஜர் வயரையும் சொருகிக்கொண்டு சிவகங்கைக்குப் போகிறார்கள். பேட்டரியை வாணலியில் போட்டு வறுக்கிறோம் என்று அர்த்தம். பைக்கின் அதிர்வு கேமராவுக்கும் ஆகாது. லென்ஸைக் காந்தமும் ஸ்பிரிங்கும் தாங்கிப் பிடித்திருக்கின்றன, அவை பழுதாகலாம் என்று 2021-ல் ஆப்பிளே எச்சரித்தது.

* * *

பேட்டரி போனால் வெறும் சார்ஜ் மட்டும் போகாது. 2017 டிசம்பரில் ஆப்பிள் ஒரு விஷயத்தை ஒப்புக்கொண்டது. பழைய பேட்டரி உள்ள ஐபோன்கள் திடீரென்று அணைந்து போகாமல் இருக்க, அவற்றின் வேகத்தை ஸாஃப்ட்வேர் வழியாகக் குறைத்திருந்தார்களாம். 'போன் ஸ்லோ ஆயிடுச்சு, புதுசு வாங்கணும்' என்று கிளம்பியவர்களில் பலருக்கு வேண்டியிருந்தது புது போன் இல்லை, புது பேட்டரி!

உலகமே சண்டைக்கு வந்தது. 2018 முழுக்க பேட்டரி மாற்றும் கட்டணத்தை அமெரிக்காவில் 79 டாலரிலிருந்து 29 டாலராகக் குறைத்தார்கள். இந்தியாவிலும் குறைத்தார்கள். என்ன ஆச்சு தெரியுமா? 2019 ஜனவரியில் வியாபாரம் எதிர்பார்த்த அளவு இல்லை என்று பங்குதாரர்களுக்குக் கடிதம் எழுதிய டிம் குக், காரணங்களில் ஒன்றாக இந்த மலிவு பேட்டரியையும் சேர்த்துச் சொன்னார். உலகத்தின் பெரிய கம்பெனியின் கல்லாவை ஒரு பேட்டரி மாற்றம் அசைத்துவிட்டது. நாலு பக்கப் பட்டியலில் அந்த வரி ஏன் இல்லை என்பது இப்போது புரிகிறதா?

ஐரோப்பாக்காரர்கள் விழித்துக்கொண்டார்கள். 2025 ஜூன் 20 முதல் அங்கே விற்கிற போனின் பேட்டரி 800 சுற்றுக்குப் பிறகும் 80 சதவீதம் தாங்க வேண்டும், விற்பனையை நிறுத்திய பிறகும் ஏழு வருஷம் உதிரி பாகம் கிடைக்க வேண்டும் என்று சட்டம். இங்கே, ரிப்பேர் செய்ய எத்தனை சுலபம் என்று பொருளின் மேலேயே மார்க் போடுகிற திட்டத்துக்கு ஒரு கமிட்டி 2025 மே மாதம் அறிக்கை கொடுத்தது. ஃப்ரிட்ஜில் நட்சத்திரம் ஒட்டுகிற மாதிரி.

பணக் கணக்குக்கு வருகிறேன். ஒன்ப்ளஸ் 15 விலை ரூ. 72,999. இரண்டு வருஷத்தில் தூக்கிப் போட்டால் நாளொன்றுக்கு 100 ரூபாய். ஒருவேளைச் சாப்பாடு. அதையே அஞ்சு வருஷம் வைத்திருந்தால் 40 ரூபாய். ஐபோன் 17 ப்ரோ இரண்டு வருஷத்தில் 185 ரூபாய், அஞ்சு வருஷத்தில் 74. கவனித்தீர்களா? விலை அதிகமான போனை அஞ்சு வருஷம் காப்பாற்றுகிறவன், விலை குறைந்த போனை இரண்டு வருஷத்தில் மாற்றுகிறவனை விடக் குறைவாகச் செலவழிக்கிறான். எந்த போன் என்பதைவிட எத்தனை வருஷம் என்பதுதான் கணக்கில் பெரிய எண்.

"இருபத்திநாலு மாசம் நோ காஸ்ட் இ.எம்.ஐ. இருக்குண்ணே" என்றான் தம்பி. மாதம் 5,621 ரூபாய். சம்பளத்தில் ஏறக்குறைய அஞ்சில் ஒரு பங்கு!

பர்மா, மலேயா வரைக்கும் போய் லேவாதேவி பண்ணிய சீமை இது. இங்கே வந்து 'வட்டியில்லாக் கடன்' என்று போர்டு மாட்ட என்ன தைரியம்! ஜீரோ சதவீத வட்டி என்று ஒன்று கிடையாது என்பதை ரிசர்வ் வங்கியே 2013 செப்டம்பரில் பாங்குகளுக்கு எழுதிவிட்டது. வட்டி இருக்கும். அதற்குச் சமமாகக் கடைக்காரரோ கம்பெனியோ தள்ளுபடி கொடுத்து மறைப்பார்கள். கார்டில் போடுகிற இ.எம்.ஐ.யில் அந்த வட்டியின் மேல் 18 சதவீதம் ஜி.எஸ்.டி.யும், ப்ராஸஸிங் ஃபீஸும் உங்கள் தலையில். போனின் விலைக்குள்ளேயே 18 சதவீத ஜி.எஸ்.டி. ஒளிந்திருக்கிறது. ஐபோன் ப்ரோவில் அது மட்டும் 20,500 ரூபாய்க்கு மேல். அதனால் கையில் காசு உள்ளவர்கள் 'மொத்தமாகக் கொடுத்தால் அந்தத் தள்ளுபடியை எனக்குக் கொடுப்பீர்களா?' என்று ஒரு வார்த்தை கேட்டுப் பார்ப்பது நல்லது.

கேட்பதற்குக் கூச்சப்படக் கூடாது. செக்காலை ரோட்டுப் பக்கம் ஒரு கடையில் நான் நின்றிருந்தபோது வயதான ஆச்சி ஒருவர் போன் வாங்க வந்தார். விற்பனைப் பையன் மூச்சு விடாமல் ராம், பிக்ஸல், ஹெர்ட்ஸ் என்று ஒப்பித்தான். ஆச்சி பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அதெல்லாம் கெடக்கட்டும்ப்பா. இது எத்தனை வருசத்துக்கு வரும்? கெட்டா யாரு பாப்பாக? என்ன கேப்பாக?" என்றார். பையன் மேனேஜரைப் பார்த்தான். மேனேஜர் ஃபேனைப் பார்த்தார்.

ஆச்சியின் மூன்று கேள்வியை நான் கொஞ்சம் விரித்துத் தம்பிக்கு எழுதிக் கொடுத்தேன். நீங்களும் வைத்துக்கொள்ளலாம். ஒன்று, பாதுகாப்பு அப்டேட் எந்த வருஷம் வரை? வாங்குகிற நாளிலிருந்து இல்லை, அந்த மாடல் வெளிவந்த நாளிலிருந்து எண்ண வேண்டும். இரண்டு, பேட்டரி எத்தனை சுற்றுக்கு? மூன்று, கம்பெனி பேட்டரி மாற்ற இன்றைய தேதியில் என்ன கட்டணம்? நாலு, கம்பெனி அங்கீகரித்த சர்வீஸ் சென்டர் காரைக்குடியிலா, மதுரையிலா, திருச்சியிலா? மதுரை என்றால் ஒரு நாள் லீவையும் பஸ் சார்ஜையும் விலையோடு கூட்டிக்கொள்ளுங்கள்.

தம்பி அதை வாங்கிப் படித்தான். தன் மூன்று வருஷத்துப் பழைய போனை எடுத்து, செட்டிங்ஸில் நுழைந்து, பேட்டரி ஹெல்த் என்ற இடத்தில் பார்த்தான். 74 சதவீதம். "இதான் ஸ்லோவா இருக்காண்ணே?" என்றான். மறு சனிக்கிழமை பேட்டரி மாற்றினான். சில ஆயிரம் ரூபாயோடு தீர்ந்தது. புது போன் ஆசை போய்விட்டதா என்றால், போகவில்லை. வாலிப வயசு, எப்படிப் போகும்? 'அடுத்த தீபாவளிக்குப் பார்க்கலாம், அப்ப இந்த வருஷத்து மாடல் விலை இறங்கியிருக்கும்ல' என்கிறான். 5,620 ரூபாய் மாதா மாதம் தபாலாபீஸ் ஆர்.டி.யில் போகிறது. அவனாகப் போட்ட கணக்குதான்.

புதுசு வாங்கினாலும் பழசை வைத்திருந்தாலும் ஆயுளை நீட்டிக்கச் சில்லறை வைத்தியங்கள் உண்டு. இப்போது வருகிற போன்களில் 80 சதவீதத்தோடு சார்ஜை நிறுத்துகிற வசதி செட்டிங்ஸிலேயே இருக்கிறது, போட்டு வையுங்கள். பிக்ஸல் 10-ல் 200 சுற்று ஆனதுமே போன் தானாகப் பேட்டரியின் வோல்டேஜைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொள்ளும், நீங்கள் வேண்டாமென்றாலும் கேட்காது. சார்ஜ் ஏறும்போது கேம்ஸ் ஆடாதீர்கள். தலையணைக்கு அடியில் வைத்து சார்ஜ் போடாதீர்கள். காரின் டேஷ்போர்டில் விட்டுவிட்டுப் பிள்ளையார்பட்டியில் வரிசையில் நிற்காதீர்கள். பிள்ளையார் உங்களைக் காப்பாற்றுவார், பேட்டரி அவர் இலாகா இல்லை.

கடைசியாக ஒன்று. இதைப் படிக்க உட்காரும்போது போனைச் சார்ஜில் போட்டுவிட்டுத்தானே உட்கார்ந்தீர்கள்? இந்நேரம் எண்பதைத் தாண்டியிருக்கும். போய்க் கழற்றுங்கள். மீதியை அடுத்த வாரம் பேசிக்கொள்ளலாம்.